கை மாறிய காப்பு

அனுசுயா ஜோர்டானுக்குப் போன வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சித்திரை மாதத்தில் வந்தது. கோடை மழை ஒன்றுகூடப் பெய்திருக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் லைன் வீட்டுப் பெண்கள் மஞ்சள் கலந்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து நட்டிருப்பார்கள். அதற்குக் கம்பம் என்று பேர். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரச் சேலையோடு திரும்பி வந்து, அவசரமாகச் சோறு கட்டி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவார்கள். காயாத தலையோடு அவர்கள் மிஷினில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் மனைவி சாரதாமணி அப்போது இருந்தாள். "சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? அம்மனுக்கும் ஷிப்டு உண்டு" என்பாள்.

பெருமாநல்லூர் பைபாஸை ஒட்டி எங்கள் ஊர். லைன் வீடு கிட்டுசாமிக் கவுண்டருடையது. முன்பு பருத்தி போட்ட காட்டில் வரிசையாக அறைகள் கட்டி, மேலே தகரம் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை வாங்குவது, சண்டை தீர்ப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அவர் மனைவி பழனாயியின் பொறுப்பு. முதல் அறையில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இல்லை. நிட்டிங் கம்பெனியில் மிஷின் பார்த்து ஓய்ந்தவன் நான். காது கொஞ்சம் மந்தம். சாரதாமணி வீட்டில் உட்கார்ந்தே பிசிறு வெட்டுவாள். தைத்து முடித்த பனியன்கள் மூட்டையாக வரும். தையல் முனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கட்டரால் வெட்டிக் கொடுக்க வேண்டும். அவள் மடியில் எப்போதும் ஒரு பனியன் கிடக்கும். யார் வந்து என்ன பேசினாலும் தலை நிமிராமல் கேட்டுக்கொள்வாள். அதனாலேயே லைனில் உள்ளவர்கள் தங்கள் கஷ்டத்தையெல்லாம் அவளிடம் வந்து சொன்னார்களோ என்னவோ.

எங்களுக்கு அடுத்த அறை இசக்கிமுத்து, அனுசுயாவுடையது. சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவர்கள். இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே பவர் டேபிளில் தைத்தார்கள். பவர் டேபிள் என்பது நீளமான மேஜை. இரண்டு பக்கமும் மிஷின்கள் இருக்கும். இவன் ஓவர்லாக், எதிர்ப்பக்கம் அவள் பிளாட்லாக். இவன் தோளும் கையும் மூட்டித் தள்ளினால் அவள் கீழ் மடிப்பு அடித்து முடிப்பாள். மகள் கலைமகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அனுசுயா என்னை அண்ணாச்சி என்பாள். சாரதாமணி அவளுக்கு மதினி.

அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே ஆர்டர் குறைந்துவிட்டது. கம்பெனி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் ஆண்கள் பேக்கரி வாசலிலும், பெண்கள் சாரதாமணியைச் சுற்றிப் பிசிறு வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். அப்போதுதான் ஜோர்டானில் தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். தங்க இடம், சாப்பாடு அவர்களே கொடுப்பார்கள். விசா, டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அனுசுயாவுக்கு அந்த ஆடியில் முப்பத்தைந்து முடிகிறது.

புருஷன் பெண்டாட்டி இருவரும் திருப்பூரில் ஒரு மாடியில் நடந்த டெஸ்டுக்குப் போனார்கள். சாயங்காலம் இசக்கிமுத்து மட்டும் முன்னால் வந்தான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நல்லாத்தான் தைச்சேன் அண்ணாச்சி. அவளைவிட முந்தி முடிச்சேன். ஆனா ஒரு கொறை கண்டுபிடிச்சிட்டான்."

"என்ன கொறை?"

"மீசை இருக்காம். அங்ஙன தைக்கதுக்குப் பொம்பளையாளுகதான் வேணுமாம். இதை வாசல்லயே சொல்லியிருந்தா நூலாவது மிச்சம்லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பின்னாலேயே வந்த அனுசுயா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி, நேராகச் சாரதாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்து மூட்டையிலிருந்து ஒரு பனியனை எடுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டாவ மதினி" என்றாள்.

"சந்தோசமா சொல்லு கண்ணு. எழவு ஊட்டுல சொல்றாப்ல சொல்ற."

"விசா வந்தாத்தான நெசம்."

விசா வரவில்லை. மெடிக்கல் முடிந்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன ஏஜெண்ட், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். பங்குனி போய்விட்டது. அவள் கம்பெனியில் சொல்லிவிட்டதால் சூப்பர்வைசர் அவளை ஒரு விருந்தாளிபோல நடத்த ஆரம்பித்தான். வேறு பெண்ணை அவள் மிஷினில் உட்கார வைத்துப் பழக்கினான். போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்கிற நிலை.

ஒரு நாள் வாடகை வாங்க வந்த பழனாயி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, ஊட்டுக்காரன் அடிச்சுப் போட்டானா?"

"அந்த தைரியம் அவுகளுக்கு ஏது? விசா வரலைம்மா."

"அட, இதுக்கா? நோம்பி சாட்டப் போறாங்க. பூவோடு எடுக்கறேன்னு அம்மங்கிட்ட வேண்டிக்க. காப்புக் கட்டு. தன்னால வருது பாரு. எம் மவனுக்கு எக்ஸ்போர்ட் லைசென்ஸ் அப்படித்தான் வந்துச்சு. அலைஞ்சு அலைஞ்சு கெடைக்காதது, காப்புக் கட்டின வாரமே வந்துச்சு."

"அது அதிகாரிக்குக் காப்புக் கட்டியிருப்பாரு" என்று இசக்கிமுத்து உள்ளேயிருந்து சொன்னான்.

"உன்ற புருசன் வாயிக்குத்தான் கண்ணு விசா கெடைக்க மாட்டேங்குது" என்று பழனாயி எழுந்து போனாள்.

பூவோடு என்பது மண்சட்டி நிறைய நெருப்பு. கையில் ஏந்தி, வெறுங்காலோடு ஊரைச் சுற்றிக் கோயிலுக்கு வர வேண்டும். அதற்கு வேண்டிக்கொண்டவர்கள் நோம்பி தொடங்கியதும் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து, பெண்களுக்கு இடது மணிக்கட்டில் கோயில் பூசாரியான பண்டாரம் கட்டிவிடுவார். அதன் பிறகு கறி மீன் கிடையாது. பாயில்தான் படுக்க வேண்டும். பகலில் வேலைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். பூவோடு எடுத்து, கம்பத்தைப் பிடுங்கி, மஞ்சள் நீராடிய பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். அதுவரைக்கும் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக் கூடாது.

இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. அனுசுயாவுக்கும் சொல்லித்தான் கட்டினார்கள். அவள் தலையாட்டினாள். விசாவே வராதவள் எந்த ராத்திரி எங்கே போய்த் தங்கப்போகிறாள்?

காப்புக் கட்டிய நாலைந்து நாளில் விசா வந்தது. லைன் முழுக்க ஒரே சந்தோஷம். பழனாயி தன் வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் பாயசச் சாமான்களும் கொண்டுவந்து இறக்கினாள். எல்லார் வீட்டுக்கும் ஒரு டம்ளர் பாயசம் போனது. மறுநாள் டிக்கெட் வந்தது. கொச்சியிலிருந்து திங்கள்கிழமை விடியற்காலை விமானம். ஞாயிறு பொழுது சாயும் நேரம் பைபாஸில் வேன் வரும். பூவோடு அதற்கு அடுத்த புதன்கிழமை.

அனுசுயா போனை ஸ்பீக்கரில் போட்டு ஏஜெண்டிடம் பேசினாள். நாங்கள் சுற்றி நின்றோம்.

"மேடம், இது குரூப் டிக்கெட். ஒரு ஆளுக்காக மாத்த முடியாது."

"நாலு நாளுதான் சார் தள்ளிக் கேக்கேன்."

"என்ன காரணம்? உடம்பு சரியில்லையா?"

அனுசுயா எங்களைப் பார்த்தாள். "கோயில் காரியம்" என்றாள்.

"கோயிலா? அடுத்த பேட்ச் ஆடிக்கு அப்புறம் மேடம். உங்க பாஸ்போர்ட்டப் பாத்தேன். அப்ப வயசு தாண்டிடும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. ஆளு நிக்குது."

போனை வைத்ததும் முதலில் பேசியது இசக்கிமுத்து.

"அப்பம் முடிஞ்சது. காப்புக் கட்டியாச்சுல்லா? எல்லை தாண்டப்படாது."

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. லைனில் திருநீறு பூசாத நெற்றி அவன் ஒருவனுடையதுதான். கம்பம் நட்டதிலிருந்து கருவாடு கிடைக்கவில்லை என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்தவன்.

"நீங்க எப்ப இருந்து சாமி கும்பிட ஆரம்பிச்சீங்க?" என்றாள் அனுசுயா.

"கும்பிடுதேனோ இல்லையோ, பயம் உண்டும்லா. பிளேன்ல என்னத்தையாவது தருவான். அதைத் திங்கலாமா? நீ காப்போட ஏறினா அம்மனும் கூட ஏறிரும். அதுக்கு விசா யாரு எடுத்தா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அனுசுயா உள்ளே போய்விட்டாள். பழனாயி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "நாந்தான் கட்டச் சொன்னேன். கேட்டதைக் குடுத்துப்போட்டு காலையும் கட்டிப்போட்டாளே ஆத்தா" என்றாள்.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கலைமகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். அனுசுயா காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து சாரதாமணி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு ஆட ஆட நூல் வெட்டிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நூலோடு சேர்த்துத் துணியையும் வெட்டிவிட்டாள். சாரதாமணி அந்தப் பனியனைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"போவாட்டி என்ன மதினி? இத்தனை நாளும் இங்ஙனதான இருந்தேன்" என்றாள்.

"இருந்தே."

"அவுக சொல்லுததும் சரிதான். அம்மனை ஏமாத்திட்டுப் போயி, அங்ஙன ஒண்ணு ஆச்சுன்னா?"

"நீ போகோணும்னு நெனைக்கிறயா கண்ணு? அதை மட்டும் சொல்லு."

அனுசுயா கட்டரைக் கீழே வைத்தாள். "ஒரே மேசைல பதினாறு வருசம். டவுன்ல ஒரு கடையில நாங்க தைச்ச பனியன் தொங்குச்சுன்னா, பாரு, நம்ம தையல்னு அவுக காட்டுவாக. அது எந்தெந்த நாட்டுக்கெல்லாமோ போகுது. நான் பாளையங்கோட்டைகூட ஒழுங்காப் பாத்ததில்ல. ஒரு தடவை போவணும் மதினி. சம்பாத்தியம் இருக்கட்டும். அது இல்லாட்டியும் போவணும்."

சாரதாமணி அடுத்த பனியனை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் இசக்கிமுத்து வந்ததும் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். வெளியே புழுதிக்காற்று, தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் மோர் கொடுத்தாள். குடித்தான்.

"உங்களுக்கு நெசமாலுமே அம்மனுக்குப் பயமுங்களா?" என்றாள்.

அவன் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"எதுத்த மிஷின்ல இப்பவே வேற பிள்ளையைப் போட்டுட்டான் மதினி. நான் தைச்சுத் தள்ளுததை எடுக்கவே தெரியல அதுக்கு. குமிஞ்சு கெடக்கு. தலையைத் தூக்கினா அவ மூஞ்சி இருக்கும். இத்தனை வருசமா அப்படித்தான். இப்பம் தூக்கினா..." நிறுத்திவிட்டான். "அங்ஙன போயிட்டு வந்தா இங்ஙன வந்து இந்த மேசைல உக்காருவாளா? நீங்களே சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க."

"பொறவு?"

"அவ போவாம இருந்தா எதுத்த மிஷின்லதான் உக்காந்திருப்பா. ஆனா மொகத்தைத் தூக்கி உங்களப் பாக்க மாட்டா. அது பரவால்லீங்களா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, "கட்டினது கட்டினதுதான மதினி, அதை என்ன செய்யதாம்?" என்றான். குரலில் முன்பிருந்த அழுத்தம் இல்லை.

"கேப்பம். பண்டாரத்தைக் கேட்டா ஆச்சு" என்றாள் சாரதாமணி.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். பண்டாரம் ஞானசம்பந்தம் கம்பத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டியிருந்தார்கள். பொழுது இறங்கியதும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் தொடங்கிவிடும். அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று பழனாயி அவசரப்படுத்தினாள்.

பண்டாரம் முழுவதையும் கேட்டார். நிதானமான மனுஷர். கேட்டு முடித்து, "காப்போட போகக் கூடாதுங்க. அறுத்துப் போட்டுட்டும் போகக் கூடாது" என்றார்.

"சரி, பூவாவது கேட்டுப் பாருங்க" என்றாள் பழனாயி. வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு எடுப்பதைச் சொன்னாள்.

"சிவப்பு வந்தா இந்தப் புள்ள போகாம இருந்துக்குமாங்க?"

அனுசுயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பறம் எதுக்குங்க கேக்கறது? முடிவு பண்ணிக்கிட்டு வந்து அம்மனைக் கேக்கறது மரியாதையில்லீங்க." வேப்பிலைக் கொத்தை உதறிவிட்டு யோசித்தார். "எங்கப்பன் காலத்துல ஒருக்கா இப்படி ஆச்சு. காப்புக் கட்டின பொம்பளைக்கு நடுவுல கொழந்தை பொறந்துபோச்சு, மாசத்துக்கு முன்னாலயே. அவ நங்கையா வாங்கிக் கட்டிக்கிட்டு அவளுக்குப் பதிலா எடுத்தா. மொறையுள்ள ஆளா இருக்கோணும். காப்பு கையிலிருந்து கைக்குப் போகோணும். நடுவுல மண்ணுல படக்கூடாது. அப்படி யாராச்சும் இருக்காங்களா? அக்கா, தங்கச்சி?"

"எல்லாம் சங்கரன்கோவில்ல இருக்கு" என்றான் இசக்கிமுத்து.

"நாளைக்குள்ள வர முடியுங்களா?"

"அக்கா மூணு மாசம் முழுகாம இருக்கா. தங்கச்சி சண்டைக்காரி" என்றாள் அனுசுயா.

அப்போது சாரதாமணி முன்னால் போனாள். "நா கட்டிக்கறனுங்க" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். அதை அங்கே நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"நீங்க என்ன மொறைங்க?" என்றார் பண்டாரம்.

"மதினின்னு கூப்புடுவா."

"மதினின்னா?"

"அவங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை அப்படித்தானுங்க கூப்புடறது. நம்ம பக்கம் நங்கையா."

பண்டாரம் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க அண்ணனுங்களா?"

"அண்ணாச்சி" என்றாள் அனுசுயா, எனக்கு முன்னால்.

"கூடப் பொறந்த அண்ணனா?"

"கூடப் பொறந்தவன் எனக்கு ஒருத்தன் இருக்கான். என் கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு தடவை வந்தான். கலைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சோறு கொண்டுவந்தது இவுகதான்."

பண்டாரம் இசக்கிமுத்துவிடம் திரும்பினார். "ஏனுங்க, கட்டினவ புருசன் நீங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா? நீங்க வேண்டாம்னா நா மாத்த மாட்டனுங்க."

அத்தனை பேரும் அவனைப் பார்த்தோம். மேளத்தோலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அனுசுயா அவனைப் பார்க்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையைத் தூக்குவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் தூக்கவில்லை.

"மாத்துங்க சாமி" என்றான். "மதினி சட்டியைத் தூக்குததுக்கு நான் கூடவே வாரேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

அனுசுயாவையும் சாரதாமணியையும் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்கச் சொன்னார் பண்டாரம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, முடிச்சைத் தளர்த்தி, காப்பை அவள் கையிலிருந்து இவள் கைக்கு வழித்துவிட்டு இறுக்கினார். சாரதாமணியின் கை தடிமன், நூல் போதவில்லை. பழனாயி தன் மஞ்சள் சேலை முந்தானையிலிருந்து ஒரு இழையை உருவிக் கொடுத்தாள். ஒட்டுப்போட்டுக் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அனுசுயா பெட்டி கட்டினாள். இசக்கிமுத்து பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்து, உள்ளே வைத்த சாமானை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். "ஊறுகா அங்ஙன கெடைக்காதாக்கும்? வெந்தயம் எதுக்கு? தலை தேய்க்கவா?" என்று சத்தம் போட்டான். கலைமகள் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள். சாரதாமணி பருப்புப் பொடி இடித்துக் கொடுத்தாள். வேன் பைபாஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் என்று போன் வந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் நடந்தோம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் எல்லைக்கல் இருக்கிறது. ரோடு போட்டு உயர்த்தியதில் கல் பாதி புதைந்துவிட்டது. சாரதாமணி அங்கே நின்றாள்.

"இதுக்கு மேல எனக்கு வழியில்ல கண்ணு. போயிட்டு வா."

அனுசுயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மதினி, சட்டியில நெருப்புக் கொறைச்சுப் போடச் சொல்லுங்க. மெல்ல நடங்க."

"எனக்குத் தெரியும் போ. நீ மிஷின்ல கையை விட்டுக்காத."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கடந்து அந்தப் பக்கம் போனோம். வேனில் ஏற்கெனவே பல்லடத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அனுசுயா கலைமகளை அணைத்துக்கொண்டாள். இசக்கிமுத்து பெட்டியை ஏற்றிவிட்டுக் கதவோரம் நின்றான்.

"வெந்தயத்தை எடுத்து வெளிய வச்சிட்டேன்" என்றான்.

"தெரியும். கலை திரும்ப வச்சிட்டா."

"நல்லா தையி. நம்ம தையலுன்னு தெரியணும்."

வேன் கிளம்பியதும் நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சாரதாமணி புதைந்த கல் பக்கத்தில் நின்று, போகிற வேனை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். நடுவில் லாரிகள் மறைத்து மறைத்துக் காட்டின.

புதன்கிழமை பூவோடு. வரிசையாகப் பெண்கள் சட்டியேந்தி வந்தார்கள். சாரதாமணி நடுவில் வந்தாள். வேப்பிலை வைத்த சட்டியில் நெருப்பு காற்றுக்குச் சீறியது. தார் ரோடு இன்னும் சூடாகவே இருந்தது. அவளுக்கு முன்னால் இசக்கிமுத்து குடத்தைத் தோளில் வைத்து, ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். குடம் தீர்ந்ததும் ஓடிப்போய் அடுத்த வீட்டுத் தொட்டியில் மொண்டு வந்தான். நெற்றி நிறைய திருநீறு. கலைமகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அதில் அனுசுயா இருந்தாள். இன்னும் மிஷினில் உட்கார வைக்கவில்லை, அறையில்தான் இருக்கிறேன் என்றாள். பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் இரண்டடுக்குக் கட்டிலும் தெரிந்தன. அதற்குப் பிறகு மேளச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டது தெரிந்தது.

சாரதாமணி எங்கும் நிற்கவில்லை. கோயிலுக்கு வந்து சட்டியை இறக்கிய பிறகுதான் உட்கார்ந்தாள். பானகம் கொடுத்தோம்.

மறுநாள் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தவளிடம், "உனக்கு இது எதுக்கு? உடம்பு இருக்கற இருப்புக்கு" என்றேன்.

அவள் நூல் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குப் பூவோடு எடுக்கோணும்னு சின்ன வயசுலயிருந்து ஆசைங்க. ஒரு வேண்டுதல் இருந்தாத்தான எடுக்க முடியும்? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். அது இல்லீன்னு ஆனதுக்கப்பறம் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. இந்தப் புள்ளைக்கு ஒரு வேண்டுதல் இருந்துச்சு, கை இல்ல. எனக்குக் கை இருந்துச்சு." பனியனை உதறி மடித்தாள். "சட்டி அத்தனை கனமில்லீங்க."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். இசக்கிமுத்துதான் கூடப் பிறந்தவன் செய்வது எல்லாம் செய்தான். லைனில் யாரோ, அடுத்தவள் காப்பை வாங்கிக் கட்டினால் சும்மா விடுமா என்று பேசியிருக்கிறார்கள். அது போன் வழியாக ஜோர்டானுக்கும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அனுசுயா எனக்கு போன் செய்தாள். வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. எனக்கு ஒரு காதுதான் சரியாகக் கேட்கும். அதில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"என்னாலதான அண்ணாச்சி?"

"இல்ல கண்ணு."

"அங்ஙன பேசிக்கிடுதாக. எனக்குத் தெரியும். நான் வந்துருதேன். இங்ஙன ஒருத்தி பாதியில போனா. கேட்டா அனுப்பிருவான்."

பூவோடு எடுத்த மறுநாள் சாரதாமணி சொன்னதை அப்போது அவளிடம் சொன்னேன். சின்ன வயது ஆசையை, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதை, சட்டி கனமில்லை என்றதை. அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு நன்றாக வரவில்லை.

போன் அணைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"வந்துராத கண்ணு" என்றேன். "முடிச்சுட்டு வா."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உம் புருசன்தான் பொங்கிக் குடுத்தான். கத்திரிக்கா கொழம்பு."

"அவுகளா? எப்படி இருந்துச்சு?"

"உப்பு எச்சு. சோத்தைக் கொழைய உட்டுட்டான்."

அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. தூரத்தில் ஏதோ ஒரு பெண், வேறு விதமான தமிழில், அரிசி வெந்துவிட்டது என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிலோன் பிள்ளை, ரூமில் கூட இருக்கிறவள் என்றாள் அனுசுயா.

"போ. போய்ச் சோத்தை வடி" என்றேன்.

"வச்சிருதேன் அண்ணாச்சி. கொழம்புல ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்லுங்க. உப்பு எடுத்துரும்."

சொன்னேன். இசக்கிமுத்து அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.